தன்னிறைவுப் பண்ணை

ஒரே பயிரை நம்பி வாழும் சிறு உழவருக்கு, மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் அவ்வாண்டின் உழைப்பு முழுவதும் வீணாகிறது. விதை, உரம், தீவனம் ஆகியவற்றைக் கடனுக்கு வாங்கியிருந்தால், விளைச்சல் குறைந்தபோதும் கடன் குறைவதில்லை. இந்நிலையிலிருந்து மீளும் வழிகளுள் ஒன்று தன்னிறைவுப் பண்ணை. எதையும் விலைக்கு வாங்காத பண்ணை என்பது இதன் பொருளன்று. குடும்பத்திற்கான உணவையும் நிலத்திற்கான இடுபொருள்களையும் இயன்றவரை பண்ணையிலேயே பெற்று, எஞ்சியதை விற்பதே இதன் நோக்கமாகும்.

நீர்

தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழையளவு ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். இக்கணக்கின்படி ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் 37 இலட்சம் லிட்டர் நீர் விழுகிறது. ஆயினும், அதில் பெரும்பகுதி சில நாள்களில் பெய்து ஓடிவிடுகிறது. எனவே, பண்ணை அமைப்போர் முதலில் நிலத்தின் சரிவை அறிதல் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே வரப்பு அமைத்தால் நீர் மண்ணுள் இறங்கும். மிகுதி நீரைத் தாழ்வான மூலையில் வெட்டிய பண்ணைக்குட்டையில் தேக்கலாம். 10 மீட்டர் நீள அகலமும் 2 மீட்டர் ஆழமும் உடைய குட்டை, கரைகள் சரிவாக இருப்பினும், ஓர் இலட்சம் லிட்டருக்கு மேல் கொள்ளும்.

மண்

வெப்பமண்டலத்தில் வெயிலும் ஈரமும் சேர்வதால் இலைதழைகள் விரைவில் மட்கிவிடுகின்றன. ஆகவே, ஒருமுறை இட்ட எரு நெடுநாள் நில்லாது. மண்ணுக்குத் தொடர்ந்து உணவளிக்க வேண்டும். சணப்பு, தக்கைப்பூண்டு முதலியவற்றை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிரி, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தி மண்ணை வளப்படுத்துகிறது. சருகாலும் வைக்கோலாலும் மூடாக்கு இட்டால் ஈரம் காக்கப்படும்.

சுழற்சி

ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவாவதே இப்பண்ணையின் அடிப்படை. வைக்கோலும் சோளத்தட்டையும் மாட்டுக்குத் தீவனமாகின்றன. சாணம் எரிவாயுக் கலனில் அடுப்புக்கான வாயுவைத் தருகிறது. கலனிலிருந்து வெளிவரும் கரைசல் பயிருக்கு எருவாகிறது. வேலியில் வளரும் அகத்தி ஆடுகளுக்குத் தழை தருகிறது. கோழிகள் புழு பூச்சிகளைக் கொத்தித் தின்கின்றன. குட்டையில் மீன் வளர்க்கலாம். கோடையில் அதன் வண்டலை வயலில் இடலாம்.

காலம்

தன்னிறைவு ஒரே ஆண்டில் கைகூடுவதன்று. கீரை ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். செடிமுருங்கை ஆறேழு மாதங்களிலும் வாழை ஏறத்தாழ ஓராண்டிலும் பயன் தரும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். இவற்றை ஒருங்கே நட்டால், மரங்கள் வளரும்வரை குறுகிய காலப் பயிர்கள் குடும்பத்தைத் தாங்கும். பின்னர் மரநிழலில் மஞ்சளும் இஞ்சியும் பயிரிடலாம்.

அடுத்த பருவத்திற்கான விதையையும் பண்ணையிலேயே எடுத்து வைத்தல் நன்று. வீரிய ஒட்டுரக விதையிலிருந்து பெறும் விதை தாய்ச்செடியின் இயல்பை முழுமையாகத் தருவதில்லை. நாட்டுரகங்களின் விதையையோ ஆண்டுதோறும் சேமித்துப் பயன்படுத்தலாம்.

இத்தகைய பண்ணைக்கு இடைவிடாத உழைப்பும் பொறுமையும் தேவை. ஆயினும், ஒரு பயிர் பொய்த்த ஆண்டிலும் கறவையும் கோழியும் கீரையும் கிழங்கும் அக்குடும்பத்தின் உலையை அணையாமல் காக்கும். கடன் வாங்காமல் அடுத்த விதைப்புக்கு ஆயத்தமாகும் வலிமையே தன்னிறைவு உழவருக்குத் தரும் உரிமையாகும்.