விருதுநகரில் காய்ச்ச முடியாத பீர்

ஞாயிற்றுக்கிழமை பட்டாசு ஆலைகளுக்கு லீவு. விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வீடுகளில் அன்றுதான் துணி துவைப்பது, கறி எடுப்பது, வாரத்துக்கான மாவு ஆட்டுவது எல்லாம். அந்த மாவு பொங்குவதும் பீர் உருவாவதும் நொதித்தலால்தான். மாவில் பெரும்பங்கு பாக்டீரியாவுக்கு, பீரில் ஈஸ்டுக்கு.

சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் தயாரிக்கலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது, விற்கக்கூடாது. முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, கசப்புக்கு ஹாப்ஸ் பூ சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்கள். அது கொதிக்கும் நேரத்தில் வீடு கூட்டிவிடலாம். ஆறியதும் ஈஸ்ட் தூவி மூடினால், மூடியில் செருகிய குழாய் வழியே குமிழிகள் 'பிளக், பிளக்' என்று வெளியேறும். பாட்டிலில் அடைக்கும்போது சர்க்கரை கூடிப்போனால் கண்ணாடி வெடித்துச் சிதறும். அழுத்தத்தின் குணத்தைச் சிவகாசிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

ஆனால் தமிழ்நாட்டில் செய்தால் குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதைத் தடுக்கிறது. கள்ளுக்கும் 1987 முதல் தடை. கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருப்பது அந்த வெள்ளைப் பூச்சுதான்.

விருதுநகர் நுரைக்கு வேறு வழி கண்டது. பழனியப்ப நாடார் 1916இல் இங்கே தொடங்கிய காளிமார்க்கின் குளிர்பானமான பொவண்டோ, போதை இல்லாமலே பொங்குகிறது. ஞாயிறு பிரியாணிக்குப் பிறகு அதைக் குடிக்க யாரிடமும் உரிமம் கேட்க வேண்டாம்.