கல்பாத்தி தேர் முதல் மூணாறு மலை வரை: விடுமுறைப் பயணத்தில் கையடக்க வைஃபை ரவுட்டர் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

பாலக்காடு: ஐப்பசி மாதத்தின் கடைசி நாட்களில், அதாவது நவம்பர் நடுப்பகுதியில், கல்பாத்தி விஸ்வநாத சுவாமி கோயில் தேர்த் திருவிழாவுக்காகச் சென்னை, மும்பை, பெங்களூரு ஆகிய நகரங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பூர்வீக வீடுகளுக்குத் திரும்புவது வழக்கம். அத்துடன் சில நாட்கள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு மூணாறு, மறையூர், தேக்கடி என இடுக்கி மாவட்டத்தின் தமிழக எல்லையோர மலைப்பகுதிகளுக்குச் செல்வோரும் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் அக்ரஹார வீட்டில் இணைய இணைப்பு இருப்பதில்லை. அலுவலகப் பணியோ விடுமுறையிலும் விடுவதில்லை. எனவே, சிம் கார்டு பொருத்தும் கையடக்க வைஃபை ரவுட்டரைப் பயணப் பையில் எடுத்துச் செல்லும் குடும்பங்கள் உள்ளன.

2009-ல் அமெரிக்காவின் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனம் 'மைஃபை' என்ற பெயரில் அறிமுகப்படுத்திய கருவியே இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அதன் வேலை ஒன்றுதான். செல்போன் கோபுரத்திலிருந்து வரும் இணையத்தைப் பெற்று, அதை வைஃபையாக மாற்றி, ஏழெட்டு பேருக்குப் பகிர்ந்தளிக்கிறது. சிக்னலை அது உருவாக்குவதில்லை. கோபுரம் எட்டாத இடத்தில் விலையுயர்ந்த ரவுட்டரும் வெறும் பெட்டிதான். இதை மறந்துவிட்டு வாங்குவோரே பின்னர் ஏமாற்றம் அடைகின்றனர்.

ஒரு வேளை உங்களுக்கு இது தேவையே இல்லாமலும் இருக்கலாம். இருவர் மட்டும் இரண்டு நாள் பயணம் செல்வதாக இருந்தால், கைபேசியின் ஹாட்ஸ்பாட் வசதியே போதும். ஐந்தாறு பேர், இரண்டு மடிக்கணினிகள், ஒரு வார தங்கல் என்றால்தான் தனிக் கருவிக்குப் பொருள் இருக்கிறது. கைபேசியின் பேட்டரி தீராமல் இருப்பதும், கைபேசிக்காரர் கடைக்குச் சென்றதும் வீட்டில் அனைவரின் இணைப்பும் அறுந்துபோகாமல் இருப்பதும் அதன் உண்மையான பயன்கள்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த நிறுவனத்தின் சிம் என்பதை. குடும்பத்தினரின் கைபேசிகளில் உள்ள நிறுவனத்தைத் தவிர்த்து, வேறொரு நிறுவனத்தின் சிம்மை ரவுட்டருக்குத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒன்று கிடைக்காத இடத்தில் மற்றொன்று கிடைக்கக்கூடும். செல்லும் ஊரில் எந்த நிறுவனம் நன்றாக எடுக்கிறது என்பதை விளம்பரத்தைவிட, தங்கும் விடுதிக்காரரிடம் கேட்பதே நம்பகமானது. புதிய சிம் வாங்கினால் அடையாளச் சரிபார்ப்பு முடிந்து இயங்கத் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம் என்பதால், ரயில் ஏறும் நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது.

தொலைத்தொடர்பு நிறுவனங்களே விற்கும் கருவிகள் சில, அந்தந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும். ஜியோஃபை இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எல்லா சிம்களையும் ஏற்கும் கருவிதானா என்று வாங்கும்போதே கேட்டறிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து ரவுட்டர் கொண்டுவரும் உறவினர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இந்தியாவில் 4ஜி சேவை 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குகிறது. 700 மெகாஹெர்ட்ஸும் பயன்பாட்டில் உள்ளது. வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட கருவிகள் சிலவற்றில் இவற்றில் ஒன்றிரண்டு இருக்காது. நகரத்தில் அந்தக் குறை தெரியாது. ஒரே ஒரு அலைவரிசை மட்டும் எட்டும் மலைச்சரிவில்தான் அது வெளிப்படும்.

இணையத் திட்டத்திலும் கவனம் தேவை. 'வரம்பற்ற 5ஜி' என்ற சலுகை 5ஜி வசதியுள்ள கருவிக்கே பொருந்தும். அதே சிம்மை 4ஜி ரவுட்டரில் பொருத்தினால், நாள் ஒன்றுக்கு ஒன்றரை அல்லது 2 ஜிபி என்ற அளவே கணக்கில் வரும். அது தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். அதில் எழுத்துச் செய்தி போகும், காணொலி அழைப்பு போகாது. துல்லியமான காணொலிக் கூட்டம் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 1 ஜிபி செலவாகிறது. திரைப்படம் உயர்தரத்தில் ஓடினால் மணிக்கு 3 ஜிபி வரை போகும். இவற்றைக் காட்டிலும் சத்தமின்றி விழுங்குவது மடிக்கணினியின் தானியங்கிப் புதுப்பிப்பு. இணைப்பை 'அளவிடப்பட்ட இணைப்பு' என்று கணினியில் குறித்துவிட்டால் அது பெரும்பாலும் நிற்கும்.

பின்னர் வீட்டிலேயே ஒருமுறை முழுமையாக இயக்கிப் பார்க்க வேண்டும். சிம்மைப் பொருத்தி, ரவுட்டரை இயக்கி, அதன் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு கைபேசியை இணைத்தபின், உலாவியில் 192.168.1.1 போன்ற முகவரியை உள்ளிட்டால் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். சரியான முகவரி கருவியின் மீதே இருக்கும். இணையம் வரவில்லை எனில், பெரும்பாலும் 'ஏபிஎன்' எனப்படும் அமைப்பு தவறாக இருக்கும். ஜியோவுக்கு 'ஜியோநெட்', பிஎஸ்என்எல்லுக்கு 'பிஎஸ்என்எல்நெட்' என்பது போல ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அது வேறுபடும். வாளையாறைத் தாண்டினால் கேரள வட்டம் என்பதால், ரோமிங் அமைப்பையும் இயக்கி வைக்க வேண்டும். பல ரவுட்டர்களில் இது அணைக்கப்பட்டே வருகிறது. கைபேசியில் சிக்னல் இருக்க, அதே நிறுவனச் சிம் உள்ள ரவுட்டர் மட்டும் ஊமையாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அக்ரஹார வீட்டில் எங்கே வைப்பது?

கல்பாத்தியின் பழைய வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிய சுவர்களுடன், தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு செல்பவை. திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என்று உள்ளே போகப்போகச் சுவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, சிக்னல் குறைகிறது. பக்கவாட்டில் ஜன்னலே கிடையாது. எனவே தெருவைப் பார்த்த மாடி ஜன்னலோரமோ, வானம் தெரியும் முற்றத்தின் ஓரமோதான் ரவுட்டருக்கு ஏற்ற இடம். தரையில் வைப்பதும், இரும்பு பீரோவின் மேல் வைப்பதும், பித்தளை அண்டாவுக்குப் பின்னால் மறைப்பதும் பயன் தராது. உலோகம் அலைகளைத் தடுக்கும்.

கட்டுப்பாட்டுப் பக்கத்தில் சிக்னல் வலிமை எண்ணாகக் காட்டப்படும். மைனஸ் 85 அளவில் இருந்தால் நன்று. மைனஸ் 110-ஐத் தாண்டினால் இணைப்பு தடுமாறும். ரவுட்டரை இடம் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து அந்த எண்ணைப் பார்த்தால், கால் மணி நேரத்தில் வீட்டின் நல்ல மூலை தெரிந்துவிடும். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரு வகை இருந்தால், தடித்த சுவர்களைக் கடக்க முதலாவதே ஏற்றது. இரண்டாவது வேகமானது, ஆனால் அடுத்த அறைக்குள் நுழைவதற்குள் களைத்துவிடும்.

தேர் ஓடும் மூன்று நாட்களில் வேறொரு வகைச் சிக்கல் எழும். கைபேசியில் சிக்னல் கோடுகள் முழுமையாகத் தெரியும். ஆனால் ஒரு படம்கூட அனுப்ப முடியாது. கோடுகள் காட்டுவது கோபுரத்தின் அலை எவ்வளவு வலுவாக எட்டுகிறது என்பதைத்தான். அந்தக் கோபுரத்தை எத்தனை ஆயிரம் பேர் பகிர்கின்றனர் என்பதை அல்ல. தேர்முட்டியில் தேர்கள் சங்கமிக்கும் மாலையில் ரவுட்டரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். அலுவலகத்துக்குப் பெரிய கோப்பு அனுப்ப வேண்டியவர் அதிகாலையில் முடித்துவிடுவதே நடைமுறைக்கு உகந்தது. அந்த மாலையில் காணொலிக் கூட்டத்துக்கு ஒப்புக்கொள்வது எந்தக் கருவியை நம்பியும் செய்யக்கூடியதன்று.

ரவுட்டருக்குள் வரும் ஓடிபி

பாதுகாப்பு என்றதும் பலரும் வைஃபை கடவுச்சொல்லை மட்டுமே நினைக்கின்றனர். அதைவிடக் கவனிக்க வேண்டியது சிம் கார்டு. ரவுட்டரில் உள்ள சிம்முக்கும் எண் உண்டு. அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்திகளும் வரும். பல கருவிகளில் அவற்றைக் கட்டுப்பாட்டுப் பக்கத்திலேயே படிக்க முடியும். வீட்டில் சும்மா இருக்கும் பழைய சிம்தானே என்று தந்தையின் எண்ணை எடுத்து ரவுட்டரில் போட்டுவிட, அந்த எண்தான் அவருடைய வங்கிக் கணக்குடன் இணைந்தது என்றால், ஓடிபி ரவுட்டருக்குள் போய்ச் சேரும். முதியவருக்கு அவசரத்தில் பணம் எடுக்க முடியாமல் போவது ஒரு பக்கம். கட்டுப்பாட்டுப் பக்கத்தின் கடவுச்சொல் 'அட்மின்' என்றே மாற்றப்படாமல் இருந்தால், அதே வைஃபையில் இணைந்துள்ள எவரும் அந்த ஓடிபியைப் படிக்க முடியும் என்பது மறுபக்கம். வங்கி, ஆதார் ஆகியவற்றுடன் இணைந்த எண்ணை எக்காரணம் கொண்டும் ரவுட்டரில் பயன்படுத்தக் கூடாது.

எனவே மாற்ற வேண்டிய கடவுச்சொற்கள் இரண்டு: வைஃபையுடையது ஒன்று, கட்டுப்பாட்டுப் பக்கத்துடையது மற்றொன்று. குறியாக்க முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்க வேண்டும். வந்துபோகும் விருந்தினர்களுக்குக் கருவியில் வசதி இருந்தால் தனி விருந்தினர் இணைப்பைத் திறந்துவிடலாம். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து வைப்பது தாராள மனப்பான்மை ஆகாது. அந்த இணைப்பில் யாரேனும் குற்றம் இழைத்தால், விசாரணை முதலில் தேடி வருவது சிம் யார் பெயரில் உள்ளதோ அவரைத்தான்.

விடுதிகளில் கிடைக்கும் பொது வைஃபையில் வங்கிப் பரிவர்த்தனையைத் தவிர்ப்பது நல்லது. விடுதியின் பெயரிலேயே போலி இணைப்பை உருவாக்கி ஏமாற்றுவது எளிது. ரவுட்டரில் சொந்தச் சிம் இருக்கும்போது அந்த ஆபத்தைத் தவிர்த்துவிடலாம் என்பதே, வேகத்தைவிட, இக்கருவியை வாங்க வலுவான காரணம்.

மலைப்பாதையில்

ரவுட்டரின் பேட்டரி பொதுவாகச் சில மணி நேரமே தாங்கும். பவர் பேங்க் உடனிருக்க வேண்டும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல அனுமதி உண்டு. நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடந்தால் பேட்டரி சூடேறி உப்பக்கூடும் என்பதால் அவ்வப்போது பிரித்து வைப்பது நல்லது.

சிக்னல் குறைவான மலை விடுதிகளுக்கென்று 'சிக்னல் பூஸ்டர்' என்ற கருவி விற்கப்படுவதைக் காணலாம். உரிமமின்றி அதை வைத்திருப்பதும் பொருத்துவதும் இந்தியாவில் சட்டவிரோதம். அது அக்கம்பக்கத்தில் உள்ளவர்களின் இணைப்பையும் கெடுக்கும். வெளிநாட்டிலிருந்து வருவோர் முன்அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

மூணாறிலிருந்து மறையூர், சின்னார் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் பாதையில் காட்டுக்குள் சிக்னல் அறுந்துபோகும் இடங்கள் உண்டு. வரைபடத்தைப் புறப்படும் முன்பே கைபேசியில் பதிவிறக்கிக்கொள்வதும், யுபிஐ இயங்காத கடைகளுக்காகக் கையில் ரொக்கம் வைத்திருப்பதும் அவசியம். அவசர உதவி எண் 112-ஐ ரவுட்டரிலிருந்து அழைக்க முடியாது. கைபேசியிலிருந்து அழைக்கும்போது, சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், அங்கு எட்டும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அந்த அழைப்பு செல்லக்கூடும். எனவே ரவுட்டர் இருக்கிறதே என்று கைபேசியின் பேட்டரியைத் தீரவிடக் கூடாது.

எந்தக் கோபுரமும் எட்டாத நிலை மலையில் எத்தகையது என்பதை 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நேர்ந்த நிலச்சரிவு காட்டியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணில் புதைந்து 70 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள். கனமழையால் மின்சாரமின்றித் தொலைத்தொடர்பு முடங்கியிருந்ததால், செய்தி வெளியுலகை எட்டவே மறுநாள் காலை ஆகிவிட்டது. கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால், அதை நம்பியுள்ள கைபேசியும் ரவுட்டரும் ஒருசேர நின்றுவிடுகின்றன. மழைக்கால எச்சரிக்கை நிலவும் நாட்களில் மலை விடுதியில் தங்குவோர், அங்கு தரைவழித் தொலைபேசி உள்ளதா, மின்தடையின்போது என்ன ஏற்பாடு என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பாலக்காடு மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் பரம்பிக்குளத்துக்கும் இது பொருந்தும். கேரளத்துக்கு உட்பட்ட புலிகள் காப்பகமாக இருந்தும், அங்கு செல்லும் சாலை தமிழகத்தின் பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே அமைந்துள்ளது. கல்பாத்தியிலிருந்து அங்கு செல்லும் குடும்பங்கள், காட்டுக்குள் நுழையும் முன் சேத்துமடையிலேயே வண்டியை நிறுத்தி, எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் போகலாம்.