ஆட்டுக்கால் சூப்பில் ஒரு முப்புரிக் கயிறு!

ராத்திரி மிஞ்சிய ஆட்டுக்கால் சூப்பை ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்துப் பாருங்கள். தளதளவென்று உறைந்திருக்கும். பலர் அத்தனையும் கொழுப்பு என்று நினைத்து வழித்துக் கொட்டிவிடுவார்கள். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் கொழுப்பு. அதற்கடியில் ஜெல்லி போல ஆடுவது புரதம். பெயர், கொலாஜன்.

தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் என்று எல்லா இடத்திலும் நம்மைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது இதுதான். உடம்பின் மொத்தப் புரதத்தில் சுமார் 30 சதவிகிதம் இதுவே.

இதன் வடிவத்தைக் கண்டுபிடித்த இடம் சென்னை! கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல் சொல்லிவிட்டுப் போனார். அங்கே இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி.என்.ராமச்சந்திரனுக்கு அப்போது வயது சுமார் 30. அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்-ரே படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி மெருகேற்றினார்கள். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிக் கயிறு அது.

கயிறு திரிப்பவர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். புரியை ஒரு பக்கம் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குவார்கள். அப்போதுதான் பிரியாது. கொலாஜனிலும் அதே கதை: ஒவ்வோர் இழையும் இடஞ்சுழி, மூன்றும் சேர்ந்தால் வலஞ்சுழி.

ஓர் இழையில் சுமார் ஆயிரம் அமினோ அமிலங்கள். அவற்றில் ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசின். கயிற்றின் நடுவில் இருக்கும் இடுக்கில், இருப்பதிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் நுழைய முடியும். மரபணுப் பிழையால் ஒரே ஓர் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால்கூட, லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் குழந்தை பிறக்கலாம்.

டி.என்.ஏ புகழ் கிரிக்கும், அலெக்சாண்டர் ரிச்சும் சென்னை மாதிரியில் குறை சொன்னார்கள். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது புகார். ராமச்சந்திரன் கோபித்துக்கொள்ளவில்லை, கணக்குப் போட உட்கார்ந்தார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம், புரத இழை எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம் என்று சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவருடன் சேர்ந்து 1963-ல் வெளியிட்டதுதான் 'ராமச்சந்திரன் வரைபடம்'. இன்றும் ஒரு புரதத்தின் வடிவம் சரியா என்று சோதிக்க உலகமே அதைத்தான் எடுக்கிறது.

சரி, நெல்லிக்காய்க்கு வருவோம். கொலாஜன் இழையிலுள்ள புரோலினில் உடம்பு ஆக்சிஜன் ஏற்றுகிறது. அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். ஏற்றாவிட்டால் உடல் சூட்டிலேயே கயிறு அவிழ்ந்துவிடும். மாதக்கணக்கில் பழம், காய்கறி பார்க்காத அந்தக் கால மாலுமிகளுக்கு ஈறு ரத்தம் கசிந்து, ஆறிய பழைய காயம்கூடத் திறந்துகொண்டது இதனால்தான்.

அடுப்புச் சூட்டில் நடப்பதும் அவிழ்வதுதான். ஆறும்போது இழைகள் மறுபடி முறுக்கப் பார்த்து, அங்கங்கே தாறுமாறாகச் சிக்கிக்கொள்கின்றன. நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த ஜெல்லி.

'அப்படியென்றால் கொலாஜன் பவுடர் குடித்தால் முகம் மினுமினுக்குமா?' குடித்த கயிறு அப்படியே கன்னத்துக்குப் போய்ச் சேராது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் நறுக்கிவிடும். அதை வைத்து எங்கே, எதைக் கட்டுவது என்பது உடம்பின் இஷ்டம்!