நெட்டோட்டத்தின் துணைவர்கள்

தேர் அசைந்து வரும் அழகைக் கண்டு மகிழ்வோர் வடம் பிடித்தவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் அடியில் காலமறிந்து முட்டுக்கட்டை இட்டுத் தேரை நெறிப்படுத்துபவரையோ பலர் கண்ணெடுத்தும் பாரார். நெடுந்தொலைவு ஓட்டமும் இத்தகையதே. எல்லைக் கோட்டைக் கடப்பவர் ஒருவராக இருக்க, அவரை அங்குக் கொண்டு சேர்ப்பவர் பலராவர். இவ்வுண்மையை விளக்க அண்மைக் கால நிகழ்ச்சியொன்று உண்டு.

மாரத்தான் என வழங்கும் நெட்டோட்டத்தின் தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இதனை இரண்டு மணி நேரத்திற்குள் ஓடி முடித்தல் மனிதற்கு இயலுமோ என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில், கென்ய நாட்டு வீரர் எலியூட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் ஓடி அவ்வையத்தைப் போக்கினார். அவ்வேகம் எத்தகையது என அறிய விரும்பும் மாணவர், 100 மீட்டர் தொலைவை 17 வினாடியில் ஒருமுறை ஓடிப் பார்ப்பாராக. பின்னர், இடையில் நில்லாது அவ்வாறே 420 முறைக்கு மேல் ஓட வேண்டும் என எண்ணிப் பார்ப்பாராக.

கிப்சோகே கென்ய நாட்டின் நந்தி மாவட்டத்தில் 1984-இல் பிறந்தவர். (நந்தி என்பது நம் செவிக்குப் பழகிய பெயரே ஆயினும், அங்கு அஃது ஓர் இனத்தாரின் பெயர்.) இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, ஆசிரியப் பணி புரிந்த அன்னையார் வளர்த்தார். அவர் வாழ்ந்த பகுதியில் பாட்ரிக் சாங் என்னும் வீரர் இருந்தார். 1992-இல் பார்சிலோனாவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டியில், 3000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். சிறுவர் கிப்சோகே அவரை அணுகிப் பயிற்சி முறை எழுதித் தருமாறு வேண்டினார். அவரும் சில நாள்களுக்குரிய பயிற்சியை எழுதித் தந்தார். அவை முடிந்ததும் சிறுவர் மீண்டும் வந்து நின்றார். இவ்வாறு பன்முறை நிகழ்ந்த பின்னரே அவர் பெயர் யாதென ஆசிரியர் வினவினாராம்! அன்று தொடங்கிய ஆசிரிய மாணாக்கர் உறவு வியன்னா ஓட்டம் வரையிலும் அறாது நிலைத்தது.

பயிற்சி நடந்த இடம் கப்டகட் என்னும் சிற்றூர். அது கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்துணை உயரத்தில் காற்றின் செறிவு குறைவு. ஆதலின் மூச்சிழுக்குந்தோறும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளியும் குறைவு. அக்குறையை ஈடு செய்யக் குருதியில் செவ்வணுக்கள் பெருகுகின்றன. அங்குப் பயின்றவர் தாழ்ந்த நிலப்பகுதியில் ஓடுங்கால் இப்பெருக்கம் அவருக்குக் கைகொடுக்கிறது.

அங்குள்ள பயிற்சிப் பாசறையில் வீரர் பலர் கூடி வாழ்கின்றனர். விடியற்காலையில் செம்மண் சாலையில் ஒரு திரளாக ஓடுவர். நீண்ட ஓட்ட நாள்களில் 30 கிலோமீட்டரும் 40 கிலோமீட்டரும் ஓடுவதுண்டு. தனியே ஓடினால் தளரும் கால், கூட்டத்தினுள் தளர்வதில்லை. உண்பது மக்காச்சோள மாவுக் களி, கீரை, அவரை முதலிய எளிய உணவே. பாசறையைத் தூய்மை செய்யும் பணியை வீரர் அனைவரும் முறைவைத்துச் செய்வர். உலகப் புகழ் பெற்ற பின்னரும் கிப்சோகே தம் முறை வந்தபொழுது கழிப்பறையைக் கழுவினார் என்பது பலரும் எழுதிய செய்தி. நாள்தோறும் செய்த பயிற்சியைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதும் அவர் வழக்கம்.

வார இறுதியில்தான் அவர் எல்டோரெட் நகரிலுள்ள தம் இல்லத்திற்குச் செல்வார். ஏனைய நாள்களில் மூன்று மக்களையும் மனையையும் பேணியவர் அவர்தம் மனைவியாரே. துணைவரை எண்ணுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் துணை இது.

இரண்டு மணி நேர எல்லையைக் கடக்க அவர் செய்த முதல் முயற்சி, 2017-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் இத்தாலியின் மோன்சாவில் நடந்தது. அன்று 2 மணி 25 வினாடி ஆயிற்று. அவ்வினாடிகளைக் குறைக்கும் பொருட்டே வியன்னாவில் பேரேற்பாடுகள் செய்யப்பெற்றன. இனியோஸ் என்னும் பிரிட்டானிய வேதிப்பொருள் நிறுவனம் பெரும்பொருளை ஈந்தது. பிராட்டர் பூங்காவில் மரங்கள் அணிவகுத்த சமதளச் சாலையைத் தேர்ந்து, வேண்டிய இடங்களில் செப்பனிட்டனர். ஓடும் நாளை முன்னரே உறுதி செய்யாது, வானிலை வல்லுநர் குளிர்ந்த காலைப்பொழுதைத் தேர்ந்து சொல்லும்வரை காத்திருந்தனர்.

எனினும் தலையாய துணை, உடன் ஓடிய வீரர்களே. மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவரை எதிர்க்காற்று தடுக்கும். அதனைத் தாங்கள் தாங்கிக்கொள்ள 41 வீரர் வந்தனர். அவருள் மாற்றாட்களும் அடங்குவர். ஒரு வேளையில் எழுவர் ஓடுவர்: ஐவர் முன்னே, இருவர் பின்னே. முன் ஐவரும், வாய் முன்னோக்கி விரிந்த ஆப்பு வடிவில் அணிவகுக்க, அதன் முனைக்குப் பின்னே கிப்சோகே ஓடினார். சில கிலோமீட்டருக்கு ஒருமுறை ஓர் அணி விலக, மற்றோர் அணி ஓட்டம் குலையாது இடம் புகும். முன்சென்ற மின்வண்டி ஒளிக்கோடுகளைச் சாலையில் வீசி, எவ்விடத்தில் ஓட வேண்டும் எனக் காட்டியது. பருகுநீரை மிதிவண்டியில் உடன் வந்தோர் கையில் தந்தனர்.

இங்கு ஒன்று கூற வேண்டும். இவ்வுதவிகளாலேயே இவ்வோட்டம் உலகச் சாதனையாக ஏற்கப்பெறவில்லை. போட்டியில் வேகத்துணைவர் இடையே புகுதல் விதிக்கு முரண். நீரையும் அதற்குரிய நிலையத்தில்தான் பெறுதல் வேண்டும். விதி வகுத்தோர் செய்தது முறையே என்பது என் கருத்து; எல்லார்க்கும் கிட்டாத துணையைப் பெற்றவரை ஏனையோருடன் ஒரே நிறைகோலில் நிறுத்தலாகாது. ஆனால், ஏட்டில் ஏறாது என்பதை அந்த 41 பேரும் முன்னரே அறிவர். ஒலிம்பிக் பதக்கம் வென்றோரும் உலகப் போட்டிகளில் ஒருவரோடொருவர் பொருதோரும் அவருள் இருந்தனர். அறிந்தே வந்து, பிறர் ஒருவரின் வெற்றிக்காகக் காற்றைத் தம் மார்பில் ஏற்றனர்.

எல்லை அணுகியதும் முன்னோடிய வீரர்கள் விலகிப் பின்னே சென்றனர். வழி திறந்தது. இறுதிச் சில நூறு மீட்டரைக் கிப்சோகே தனியே ஓடினார். பின்னே வந்த துணைவர்கள் ஆரவாரித்துக் கைகளை உயர்த்தினர். கோட்டைக் கடந்தவர், அங்குக் காத்திருந்த மனைவியாரைத் தழுவிக்கொண்டார்.