சாலை நிலவரமும் கார் வானொலியும்: மும்பையின் அனுபவம்

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் மும்பையின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பெய்தது வழக்கமான பருவமழையே. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் அங்கு பதிவான மழையளவு 73 மில்லிமீட்டர். அதே 24 மணி நேரத்தில், அங்கிருந்து 25 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள சாந்தாக்ரூஸ் நிலையத்தில் பதிவானதோ 944 மில்லிமீட்டர். கோட்டைப் பகுதி அலுவலகங்களிலிருந்து அன்று பிற்பகலில் வீடு திரும்பப் புறப்பட்டவர்கள் தங்கள் தலைக்கு மேலிருந்த வானத்தைப் பார்த்தே முடிவு செய்தனர். வடக்கே என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரை கடந்திருந்தது. மின்சார ரயில்கள் நின்றுவிட்டன. கைத்தொலைபேசி இணைப்புகள் செயலிழந்தன. நீரில் சிக்கிய கார்களின் கதவுகளையும் கண்ணாடிகளையும் திறக்க இயலாமல் உள்ளேயே மூச்சுத் திணறி மாண்டவர்களும் உண்டு. அந்த மழை வெள்ளத்தால் மகாராஷ்டிர மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

மும்பையில் அப்போது டாப்ளர் ராடார் நிறுவப்பட்டிருக்கவில்லை. இத்தகைய பெருமழையை முன்னறிந்து கூறுவது எளிதாக இருந்திருக்காது. ஆனால் மழை பெய்யத் தொடங்கிய பின்னர், சாலைகள் மூழ்கிக்கொண்டிருக்கும் செய்தியை வண்டியோட்டிகளுக்குத் தெரிவிப்பது முன்னறிவிப்பு அன்று. அது தகவல் தொடர்பு. காருக்குள் இருப்பவருக்குச் சாலையின் நிலையை எவ்வாறு உரிய நேரத்தில் எட்டச் செய்வது என்னும் கேள்வி அன்றுமுதல் புதிய அழுத்தம் பெற்றது.

சயான் என்னும் கழுத்து

இக்கேள்விக்கு மும்பையின் நிலவமைப்பு தனி முக்கியத்துவம் அளிக்கிறது. பழைய பம்பாய்த் தீவு வடக்கே சயானுடன் முடிந்தது. அதற்கப்பால் இருப்பது சால்செட் தீவு. இடையிலிருந்த நீர்ப்பரப்பு தூர்ந்து நிலமாகிவிட்டபோதிலும் சாலைகள் இன்றும் பழைய எல்லையிலேயே வந்து குவிகின்றன. பைகுலாவிலிருந்து வரும் டாக்டர் அம்பேத்கர் சாலை பரேல், தாதர், மாட்டுங்கா வழியாகக் கிங்ஸ் சர்க்கிளைக் கடந்து சயானை அடைகிறது. அங்கிருந்து கிழக்கு விரைவு நெடுஞ்சாலை தாணே நோக்கிச் செல்கிறது. அதிலிருந்து பிரியும் சயான்-டிராம்பே சாலை செம்பூருக்குச் செல்கிறது. மேற்கே திரும்பினால் தாராவி வழியாக மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் போகலாம். ஆட்டோ ரிக்‌ஷாக்களுக்கு நகரின் தென்பகுதியில் அனுமதி இல்லாததால் செம்பூர் ஆட்டோக்களும் சயானிலேயே திரும்பிவிடுகின்றன.

இந்தக் கழுத்துப் பகுதியே தாழ்வானது என்பது கூடுதல் இடர்ப்பாடு. தாதரை அடுத்த ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிளை ஒட்டிய காந்தி மார்க்கெட் ஆகிய இரண்டும் மழைக்காலம்தோறும் நீர் தேங்குவதால் பெயர் பெற்றவை. மாநகரின் பழைய மழைநீர்க் கால்வாய்கள், கடல் இறக்கமாக உள்ள வேளையில் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் அளவுக்கே அமைக்கப்பட்டவை. 1985-ஆம் ஆண்டு மழைக்குப் பின் மேற்கொள்ளப்பட்டு 1993-இல் முடிந்த ஆய்வு, இதனை 50 மில்லிமீட்டராக உயர்த்தப் பரிந்துரைத்தது. கடல் ஏற்றம் மிகும்போது கால்வாய்களின் வாய் அடைபட, நீரேற்று நிலையங்கள் இல்லாத பகுதிகளில் மழைநீர் சாலையிலேயே நின்றுவிடும். மழையை முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல இயலாது. ஆனால் கடல் ஏற்றத்தின் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் திதியைக் கணிப்பது போல ஓராண்டுக்கு முன்னரே கணித்துவிடலாம். எனவே எந்த நாளில் எந்த நேரத்தில் பெய்யும் கனமழை காந்தி மார்க்கெட்டைச் சாலை என்ற நிலையிலிருந்து குளம் என்ற நிலைக்கு மாற்றும் என்பது ஓரளவு முன்பே தெரிந்த செய்தியாகும்.

தென்மும்பையிலிருந்து செம்பூருக்குப் புறப்படும் ஒருவர் இச்செய்தியைத் தாதரை அடையும் முன் கேட்டால் வடாலா வழியாகத் திரும்பலாம், அல்லது நின்றுவிடலாம். கிங்ஸ் சர்க்கிளில் வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு கேட்டால் அதனால் பயன் சிறிதே. 2013-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேம்பால விரைவுச்சாலை தென்மும்பையின் பி. டிமெல்லோ சாலையிலிருந்து செம்பூருக்குச் சில நிமிடங்களில் கொண்டு சேர்க்கிறது. ஆயினும் இடையில் இறங்கும் வழிகள் மிகக் குறைவு. ஏறும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். சாலைச் செய்தியின் மதிப்பு அதன் உண்மையில் மட்டும் இல்லை. கடைசித் திருப்பத்துக்கு முன் அது வந்து சேர்வதிலும் இருக்கிறது.

வானொலிக்குள்ள இயல்பான வலிமை

காரில் பொருத்தும் வானொலி 1930-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. மோட்டோரோலா என்னும் பெயரே அந்தக் கார் வானொலிக்கு இடப்பட்ட பெயர்தான். பம்பாயில் 1927 ஜூலை 23-இல் முறையான ஒலிபரப்பு தொடங்கியது. எனினும் காரும் வானொலியும் நெடுங்காலம் வசதியுள்ளோரின் உடைமைகளாகவே இருந்தமையால், சாலைச் செய்திக்கென ஒலிபரப்பு தேவைப்படவில்லை. 1990-களில் பண்பலை ஒலிபரப்பு பரவியதும், 2002-இல் மும்பையில் தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கப்பட்டதும் நிலைமையை மாற்றின. குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்சிகளிலும், டிராம்பே எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றுவரும் டாங்கர் லாரிகளிலும்கூட வானொலி ஒலித்தது.

செய்தி ஒலிபரப்பு தனியார் நிலையங்களுக்கு அனுமதிக்கப்படவில்லை. ஆனால் 2011-ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டப் பண்பலைக் கொள்கை, போக்குவரத்து, வானிலை ஆகியவை பற்றிய தகவல்களும், இயற்கைச் சீற்றங்கள், குடிநீர், மின்சாரம் முதலியவை குறித்து உள்ளூர் நிர்வாகம் தரும் அறிவிப்புகளும் ‘செய்தி’ என்னும் வரையறைக்குள் அடங்கா என்று வெளிப்படையாகவே கூறிவிட்டது. சாலையில் நீர் நிற்கிறது என்று சொல்ல எந்த நிலையமும் இனித் தயங்க வேண்டியதில்லை.

இன்று ஒவ்வொருவர் கையிலும் வழிகாட்டும் வரைபடத்துடன் கூடிய தொலைபேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்ற வினா எழுவது இயற்கை. வரைபடச் செயலிகள் சாலையில் நகரும் தொலைபேசிகளின் வேகத்தைக் கணக்கிட்டு நெரிசலை அறிகின்றன. அன்றாட நெரிசலுக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆனால் வாகனமே ஓடாத சாலையில் வேகமும் இல்லை. அச்சாலை வெறிச்சோடிக் கிடக்கிறதா, இடுப்பளவு நீரில் மூழ்கிக் கிடக்கிறதா என்பதை வேகக் கணக்கு மட்டும் சொல்லாது. தொலைபேசிக் கோபுரம் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் இணைப்புத் தர முடியும் என்ற வரம்பு உடையது. மின்தடை நீடித்தால் அதன் மின்கலமும் தீர்ந்துவிடும். வானொலி அலைபரப்பிக்கு அத்தகைய வரம்பு கிடையாது. நூறு பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் அதன் சுமை ஒன்றே. கேட்கும் பெட்டியோ காரின் மின்கலத்தில் இயங்குகிறது. மேலும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், வண்டியோட்டும்போது கையில் தொலைபேசியைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாகக் கருதுகிறது. வானொலி கண்ணையும் கையையும் கேட்பதில்லை. காதை மட்டுமே கேட்கிறது.

பிற நாடுகளின் முறைகள்

வாகன ஓட்டிகளுக்கென வானொலியை ஒழுங்காகத் திட்டமிட்ட முதல் நாடுகளுள் மேற்கு ஜெர்மனி ஒன்று. 1974-இல் அங்கு நடைமுறைக்கு வந்த முறையில், சாலைச் செய்தி தரும் பண்பலை நிலையங்கள் காதுக்குக் கேட்காத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையைச் சேர்த்து அனுப்பின. ஓட்டுநர் ஒலிநாடாவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும், அறிவிப்புத் தொடங்கியவுடன் பெட்டி தானாகவே பாட்டை நிறுத்தி அறிவிப்பை ஒலிக்கச் செய்யும். இதே துணை அலையின்மீது வினாடிக்கு 1,187.5 துணுக்குகள் வீதம் எழுத்தும் எண்ணும் அனுப்பும் முறையை ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 1980-களில் வகுத்தது. பின்னர் சாலைச் செய்தியையே எண்குறியாக அனுப்பி, ஓட்டுநரின் மொழியில் காட்டவும் வழி பிறந்தது. ஜப்பான் வேறு வழியில் சென்றது: விரைவுச்சாலை ஓரங்களில் கம்பிவடங்களைப் பதித்து, சில கிலோமீட்டர் தொலைவுக்கு மட்டும் 1,620 கிலோஹெர்ட்ஸில் அச்சாலையின் நிலவரத்தை ஒலிபரப்புகிறது. அமெரிக்க நெடுஞ்சாலைகளிலும் 10 வாட் அளவிலான சிறு அலைபரப்பிகள் இதற்கெனப் பயன்படுகின்றன. ‘விளக்கு மின்னினால் வானொலியைத் திருப்புக’ என்று சாலையோரப் பலகை கூறும்.

மும்பையின் ஓட்டுநருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அறிவிப்பாளர் வாய்மொழியாகச் சொல்லும் செய்தியே. இதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வாய்மொழிச் செய்தி எந்தக் கருவியையும்விடச் சொல்லும் முறையைச் சார்ந்திருக்கிறது.

எப்படிச் சொல்வது?

‘சயானில் நெரிசல்’ என்பது செய்தி அன்று. சயானில் என்றும் நெரிசல்தான். எந்தத் திசையில், எந்தச் சந்திப்பிலிருந்து, எதனால், எத்தனை மணிக்குக் கண்டது என்ற நான்கும் இருந்தால்தான் ஓட்டுநர் அதைக் கொண்டு முடிவெடுக்க முடியும். நீரின் ஆழத்தைச் சொல்வதிலும் இதே கவனம் வேண்டும். ‘முழங்கால் அளவு’ என்பது நிற்பவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். 30 சென்டிமீட்டர் நீர், ஓட்டமும் இருந்தால், சிறு காரை மிதக்கவைக்கப் போதுமானது. 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை இழுத்துச் செல்லவல்லது.

இடப்பெயர் மற்றொரு சிக்கல். கிங்ஸ் சர்க்கிளில் உள்ள பூங்காவுக்கு மகேஸ்வரி உத்யான் என்று பெயர். டாக்சிக்காரர் எவரும் அப்படிச் சொல்வதில்லை. சயான்-டிராம்பே சாலை ஏடுகளில் வி. என். புரவ் மார்க். மாட்டுங்கா என்ற பெயரில் மத்திய ரயில்பாதையில் ஒரு நிலையமும், மேற்கு ரயில்பாதையில் மாட்டுங்கா ரோடு என்று மற்றொன்றும் உள்ளன. தாராவியின் அறுபதடிச் சாலையும் தொண்ணூறடிச் சாலையும் அகலத்தாலேயே பெயர் பெற்றவை. அவசரத்தில் ஒன்றை மற்றொன்றாகச் சொல்லிவிட்டால் கேட்பவர் தவறான சந்திப்பில் திரும்பிவிடுவார். அரசிதழ்ப் பெயரைவிட மக்கள் வழங்கும் பெயரே ஒலிபரப்புக்கு உகந்தது.

இவற்றைவிடப் பெரிய பொறுப்பு மாற்றுவழி சொல்வதில் உள்ளது. வானொலி எல்லோருக்கும் ஒரே நொடியில் ஒரே வழியைச் சொல்லிவிடுகிறது. அம்பேத்கர் சாலையில் நீர் நிற்கிறது, தாராவி வழியாகச் செல்க என்று ஒரு நிலையம் அறிவித்தால், அடுத்த கால் மணி நேரத்தில் அறுபதடிச் சாலையில் கார்கள் நிறைந்துவிடும். அச்சாலை காருக்காக மட்டும் உள்ளதன்று. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களும், கும்பார்வாடாவில் மண்பாண்டம் வனையும் குடும்பங்களும் நெருங்கி வாழும் பகுதி அது. கைவண்டியும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும், அவசர ஊர்தியும் அதே சாலையைத்தான் நம்பியிருக்கின்றனர். ஆகவே தடையை அறிவிப்பாளர் கூறலாம். மாற்றுவழியைப் போக்குவரத்துக் காவல் துறையின் கட்டுப்பாட்டு அறையே தீர்மானிக்க வேண்டும்.

அந்த அறைக்குச் செய்தி வரும் வழிகள் 2005-ஐவிடப் பன்மடங்கு பெருகியுள்ளன. கொலாபாவில் டாப்ளர் ராடார் வந்தது. மாநகராட்சி தானியங்கி மழைமானிகளை நிறுவியது. 2016-இல் நகரெங்கும் ஆயிரக்கணக்கான கண்காணிப்பு ஒளிப்படக் கருவிகள் செயற்படத் தொடங்கின. வெள்ள எச்சரிக்கைக்கான ஒருங்கிணைந்த அமைப்பு 2020 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்டது. மாநகராட்சிப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையை 1916 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். ஆயினும் 2017 ஆகஸ்டு 29-இல் 300 மில்லிமீட்டருக்கும் மிகுந்த மழை கொட்டியபோது நகரம் மறுபடியும் நடுச்சாலையில் நின்றது. தரவு சேர்வது ஒன்று. அது கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒலிபரப்பு அறைக்கும், அங்கிருந்து தாதரை நெருங்கும் காருக்கும் சில நிமிடங்களில் செல்வது வேறொன்று.

எல்லாத் தடையும் மழையால் வருவதில்லை. 1912-இல் கட்டப்பட்ட சயான் ரயில்வே மேம்பாலம், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டு 1 முதல் மூடப்பட்டது. நாள் முன்பே தெரிந்த இத்தகைய தடைக்கு அறிவிப்பு வேறு விதமாக அமைய வேண்டும். நாள்தோறும் செல்பவர் இரண்டே நாளில் புதிய வழிக்குப் பழகிவிடுவார். அவருக்கு அதைத் திரும்பத் திரும்பக் கூறுவது வீண். மாதத்துக்கு ஒருமுறை நாசிக்கிலிருந்தோ புணேயிலிருந்தோ சரக்கேற்றி வரும் லாரி ஓட்டுநருக்கோ ஒவ்வொரு முறையும் அது புதிய செய்தி. அவருக்கான அறிவிப்பு, தாணேயையோ செம்பூரையோ அவர் அடைவதற்கு முன்னரே, அதிகாலையில், அவர் அறிந்த மொழியில் ஒலித்தாக வேண்டும்.