ஒரே வீடு, இரண்டு ஷிஃப்ட்

காலை ஏழரை மணி. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வல்லக்கோட்டைத் தெருவுக்குள் நடந்து வருகிறார் அவர். நைட் ஷிஃப்ட் முடித்த கண்கள். லைன் வீட்டின் கதவு பூட்டியிருக்கிறது. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்காக மனைவி ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார். மூன்று வயது மகள் பக்கத்து வீட்டு அக்காவிடம் தூங்குகிறாள். அடுப்பு மேடையில் மூடி வைத்த இட்லி. அதன் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு: “சிலிண்டர் புக் பண்ணியாச்சு. தூங்கும்போது போனை சைலண்ட்ல போடாதீங்க, ஓ.டி.பி. கேப்பாங்க.”

அவர்களுடைய தாம்பத்தியத்தின் பெரும்பகுதி இப்படித் துண்டுச் சீட்டில்தான் நடக்கிறது.

கணவருக்கு விருதுநகர்ப் பக்கம், மனைவிக்கு விழுப்புரம். கல்யாணமான புதிதில் அவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். ஒர்க் பர்மிட்டில் போகிற தொழிலாளி அங்கே மனைவியை அழைத்து வைத்துக்கொள்ள முடியாது. பிரிந்திருந்தது போதும் என்றுதான் திரும்பி வந்து, இருவருமாகச் சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் வேலை தேடிக்கொண்டார்கள். “மாமா சிங்கப்பூர்ல இருந்தப்ப தெனமும் ராத்திரி ஒன்பதரைக்கு போன் வந்துடும். இப்ப ஒரே வீட்ல இருக்கோம், அந்த ஒன்பதரை இல்ல” என்றார் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஷிஃப்ட் வாரம் ஒருமுறை மாறும். ஒருவருக்குக் காலை, இன்னொருவருக்கு மதியம் என்று விழுந்தால் இரவு பதினொன்றுக்கு மேல்தான் முகம் பார்க்க முடியும். அதிகாலை நாலுக்கு ஒருவர் எழுந்தாக வேண்டும். எட்டு மணி நேர வேலைதான். அதோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பது, போக்குவரத்து, ஓ.டி. எல்லாம் சேர்ந்தால் பத்து, பதினொன்று ஆகிவிடுகிறது. வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்டிக்க இடம் தரும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு எவ்வளவு நியாயமானது என்பது இந்த வீட்டு வாசலில் நின்றால் புரியும்.

1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை, 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலை. பிறகு வல்லம் வடகாலில் என்ஃபீல்டு, யமஹா. முப்பது ஆண்டுக்குள் ஏரியும் வயலுமாக இருந்த பூமி தொழிற்பேட்டையாகிவிட்டது. இந்த வளர்ச்சி தேவைதான், சந்தேகமில்லை. ஆனால் இங்கே வேலைக்கு வருகிறவரை யாரும் ஒரு குடும்பமாக நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. தனி ஆளாகத்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 706 கோடி ரூபாய். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் விடுதியொன்றில் உணவு நச்சாகி, பெண்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடியதை நினைத்துப் பார்த்தால் இது பெரிய மாற்றம், வரவேற்கிறேன். அதே 2024 ஜூனில்தான், ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. கல்யாணமானால் என்ன செய்வது என்ற கேள்வி இந்தப் பகுதியின் ஒவ்வொரு பெண்ணின் தலைக்கு மேலும் தொங்குகிறது.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்திருத்தம் சொல்லிவிட்டது. அதிகாலை ஐந்து மணிக்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏற முடியுமா? ஆலைக்குள் இருப்பதைவிட, லைன் வீடுகள் நிறைந்த ஊருக்குள், இரவிலும் திறந்திருக்கும் காப்பகம்தான் இங்கே உதவும். தம்பதிக்கு வார விடுமுறையாவது ஒரே நாளில் விழும்படி ஷிஃப்ட் போடுவது கம்பெனிகளால் முடியாத காரியமே இல்லை. காரின் ஆயிரக்கணக்கான உதிரிபாகங்களை நேரம் தவறாமல் லைனுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் அவர்கள்.

வீட்டுச் சுவரில் மாதக் காலண்டர். கணவரின் ஷிஃப்ட் நீல மையில், மனைவியுடையது சிவப்பில்: ஏ, பி, சி. இருவருக்கும் சேர்ந்து லீவு வரும் நாளைச் சுற்றி வட்டம். இந்த மாதம் ஒரே ஒரு வட்டம். அதற்கு மூன்று நாள் தள்ளி கிருத்திகை. வல்லக்கோட்டைக் கோயிலின் ஏழடி உயர முருகனைப் பார்க்க அன்று ஊரே திரளும். தெருக்கோடியில் கோயில் இருந்தும், மூன்று பேருமாக அவர்கள் இன்னும் போனதில்லை. கிருத்திகைக்கு லீவை மாற்றித் தரச்சொல்லி இருவருமே அவரவர் லைன் லீடரிடம் கேட்டிருக்கிறார்கள். கணவருக்குச் சரி என்று வந்துவிட்டது. மனைவிக்கு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறார்களாம்.