நேரமுத்திரைப் பிழை (மென்பொருள் உருவாக்கம்)

நேரமுத்திரைப் பிழை என்பது, மூலநிரலில் குறை ஏதும் இல்லாத நிலையிலும், கோப்புகளில் பதிவான நேரங்கள் முன்பின்னாக அமைவதால் ஒரு மென்பொருளின் உருவாக்கம் கெடுவதைக் குறிக்கும். சில வேளைகளில் உருவாக்கம் இடையிலேயே நின்றுவிடும். வேறு சில வேளைகளில் அது தடையின்றி முடிந்து, பழைய நிரலே மீண்டும் கிடைக்கும். இரண்டாவதே அதிகத் தொல்லை தருவது.

காரணம்

1976இல் பெல் ஆய்வகத்தில் இசுடூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்னும் கருவியும் அதன் வழிவந்தவையும், இலக்குக் கோப்பைவிட மூலக்கோப்பு புதியதாக இருந்தால் மட்டுமே அதனை மீண்டும் தொகுக்கின்றன. கோப்பின் உள்ளடக்கத்தை மேக் ஒப்பிடுவதில்லை. கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையே நம்புகிறது.

ஐந்தரை மணி நேர வேறுபாடு

இந்திய சீர் நேரம் 82°30' கிழக்கு நெடுங்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. ஒருங்கிணைந்த சர்வதேச நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. (கன்னியாகுமரி மாவட்டத்தின் தல நேரம் இந்திய சீர் நேரத்துக்குச் சுமார் 20 நிமிடம் பிந்தியது. கணினி அதனைப் பொருட்படுத்துவதில்லை.) விண்டோசு இயங்குதளம் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்சு வழமையாக அதனைச் சர்வதேச நேரம் எனக் கொள்கிறது.

எடுத்துக்காட்டாக, நாகர்கோவிலில் ஒரு மாணவர் இவ்விரண்டையும் ஒரே மடிக்கணினியில் நிறுவி, காலை 10 மணிக்கு இணைய இணைப்பின்றி லினக்சைத் தொடங்கினால் அது பிற்பகல் 3.30 எனக் காட்டும். அப்போது உருவாகும் இலக்குக் கோப்புகளும் அந்நேரத்தையே பெறும். பின்னர் இணையம் வழியாகக் கடிகாரம் திருந்தியதும் அவை எதிர்காலக் கோப்புகள் ஆகிவிடுகின்றன. 11 மணிக்கு மூலநிரலைத் திருத்தினாலும், இலக்கே புதியது எனக் கருதி மேக் அதனைத் தொகுக்காது. கோப்பு இத்தனை வினாடி எதிர்காலத்தில் உள்ளது என்று குனூ மேக் எச்சரிக்கும். பலரும் அவ்வரியைக் கவனியாது விடுகின்றனர். அவ்வெண்ணுடன், கோப்பு உருவான பின் கழிந்த நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இங்கு 16,200 உடன் 3,600 சேர்ந்து 19,800 வினாடி, அதாவது சரியாக ஐந்தரை மணி நேரம் வருகிறது. அவ்வாறு வந்தால் நிரலில் பிழை தேடுவது வீண்வேலை.

பிற காரணங்கள்

தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்த கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே சென்றுவிடும். ஃபேட் கோப்பு முறைமை கொண்ட பென் டிரைவ்களில் மாற்ற நேரம் இரண்டு வினாடித் துல்லியத்தில் மட்டுமே பதிவாவதால், அடுத்தடுத்து உருவான கோப்புகளின் வரிசை அழிந்துபோகும். கிட் மாற்ற நேரங்களைச் சேமிப்பதே இல்லை. படியெடுத்த நேரமே கோப்பின் நேரமாகிறது. இதனால் கான்ஃபிகர் போன்ற, வேறொரு கோப்பிலிருந்து பெறப்படும் கோப்பு தன் மூலத்தைவிடப் பழையதாகத் தோன்றலாம். உடனே மேக் அதனை மீண்டும் உருவாக்க முயன்று, அதற்குரிய ஆட்டோமேக் பதிப்பு கணினியில் இல்லாததால் நின்றுவிடும்.

தீர்வு

முதலில் கடிகாரத்தைத் திருத்த வேண்டும். இரட்டை இயங்குதளக் கணினியில் இரண்டும் ஒரே முறையில் நேரத்தைப் படிக்குமாறு அமைக்க வேண்டும். அதன் பின்னரே இலக்குக் கோப்புகளை நீக்கி, மூலக்கோப்புகளின் நேரத்தை டச் கட்டளையால் நிகழ்காலத்துக்குக் கொணர்ந்து, மீண்டும் தொகுக்க வேண்டும். இலக்குகளை நீக்காமல் எல்லாக் கோப்புகளுக்கும் ஒருசேர டச் கட்டளை இடும் வழக்கம் தவறானது. பழைய இலக்குகளும் புதியவையாகத் தோன்றிவிடும். கிட் வழிப் பெற்ற நிரலாயின், உரிய ஆட்டோமேக் பதிப்பை நிறுவலாம். அல்லது ஆட்டோரீகான்ஃப் கட்டளையால் கான்ஃபிகர் கோப்பைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளலாம்.